வாசலில் எம்.பி.

பாலிக் புலாவிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் கைப்பேசியை மூடிவிட்டுக் காதைத் தீட்டினேன்.

“எங்க எம்.பி.ய நாறுற லோங்காங் பக்கத்துல உட்கார வச்சிட்டேன்லா.”

“ஐயோ, ஏன்க்கா?”

“மூணு மாசமா வாசல்ல சாக்கடை அடைச்சுக் கெடக்கு. போய்ச் சொன்னா, ‘நான் பார்லிமெண்டுல சட்டம் போடுறவன்’ங்கிறாரு. அதை நடத்துறது அமைச்சருங்களாம், தீர்ப்பு சொல்றது கோர்ட்டாம், சாக்கடை மட்டும் கவுன்சிலாம்.”

“சரியாத்தானே சொல்லியிருக்காரு?”

“சரிதான். அதனாலதான் மரியாதையா தே தாரேக் டீ குடிக்கக் கூப்பிட்டேன். வாசல்லயே நாற்காலி போட்டேன்.”

“அப்புறம்?”

“பாதி கிளாஸ் குடிக்கல, கவுன்சிலுக்குப் போன் போட்டுட்டாரு. மறுநாள் காலையிலயே சாக்கடை அள்ள லோரி வந்திருச்சு. சட்டம் போடுறவருக்கும் மூக்கு இருக்குல்ல!”