ரத்தக்கழிச்சல்

— குடலு கண்ணாடியாட்டம் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாரு டாக்டரு. கட்டியுமில்ல, புண்ணுமில்ல. போதுமா?

— பழனியாண்டவா! நல்லாப் பாத்தாங்களாங்க?

— இன்னும் எப்படிப் பாக்கோணும்? பேதி மருந்து குடுத்து, பின்னாடி தொறந்த கவுனை மாட்டி, குழாயை உட்டுப் பாத்தாங்க. எம்பேத்தி வயசுப் பொண்ணு, "சின்னுசாமி, காலை மடக்குங்க"ன்னு சொல்லுது. நாப்பதாயிரம் கோழி வச்சிருக்கறவன், சேலத்துல போயி அம்மணமாக் கெடந்தேன்.

— கோவிச்சுக்காதீங்க. மொதல்ல கஞ்சியக் குடிங்க.

— அதை அந்தாண்ட வையி, பெரியநாயகி. எல்லாம் உம்மவன் ரமேசு பண்ணுன வேலை. ராசு பங்காளி குடலு கேன்சர்ல போனாலும் போனான், மலத்துல ரத்தம் இருக்குதான்னு பாக்கோணும்னு இவன் டப்பாவோட வந்து நின்னுட்டான்.

— அப்பன் மேல பாசமுங்க. உங்களுக்குன்னு தேடிப் புடிச்சு வாங்கியாந்தான். ஒண்ணே ஒண்ணு.

— பின்ன, உனக்கும் ஒண்ணா? ஒரு நாளு தலைவலின்னு படுத்திருக்கறயா நீ?

— இல்லீங்க.

— கருமம். அதையெல்லாம் டப்பாவுல எடுத்துக் குடுப்பானா மனுசன்?

— கோழி எச்சத்தை மாசம் தவறாம லேப்புக்குத் தூக்கிட்டு ஓடறீங்களே.

— கோழிக்கு மானமிருக்குதா? அதனாலதான் "எதையாச்சும் போட்டுக் குடுத்து அவன் வாயை அடை"ன்னு உங்கிட்டத் தூக்கிப் போட்டேன்.

— போட்டீங்க.

— ரத்தம் கலந்திருக்குதுன்னு ரிசல்ட்டு வருது. பையன் என் காலைப் புடிச்சிக்கிட்டு அழுவறான். நான் குடுக்கவே இல்லடான்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?

— அன்னிக்கே சொல்லிப்போடலாம்னுதான் வந்தேனுங்க. அவன் அழுததைப் பாத்ததும் அப்படியே அடுப்படிக்குத் திரும்பிப் போயிட்டேன்.

— இரு, இரு. நீ ஷெட்டுல போயி அள்ளிப் போட்டுட்டியா? கோழி எச்சத்தை?

— ஏனுங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...

— அடிப்பாவி! அப்ப ரத்தக்கழிச்சலு நம்ம கோழிக்கு! எந்த ஷெட்டு? குஞ்சு ஷெட்டா? டப்பாவக் குடுத்துப் பத்து நாளாச்சே புள்ள! ஒண்ணுக்கு வந்தா ஷெட்டே காலியாயிரும்னு தெரியாதா உனக்கு?

— செத்த உக்காருங்க.

— உக்கார்றதா? அந்தப் போனை எடு. கோழி டாக்டரு மதியழகனை இப்பவே வரச் சொல்லோணும், தண்ணியில மருந்து கலக்கோணும். வாயில்லாச் சீவனுங்க. வயிறு வலிக்குது, ரத்தமாப் போவுதுன்னு அதுங்களே வந்து சொல்லுமா?

— சொல்லாதுங்க.

— அப்ப கூட இருக்கறவன்தான பாக்கோணும்! ஹலோ, டாக்டருங்களா? சின்னுசாமி பேசறனுங்க. ரத்தக்கழிச்சலுங்க, கையில இருக்கற வேலையப் போட்டுட்டு உடனே வாங்க...

— போனை வைங்க. கோழிங்க நல்லாத்தான் இருக்குதுங்க. அந்த டப்பாவுல போட்டது என்னுது.