தாய்வழி மட்டும்

மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு உரிந்து, பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் காய்ந்த கையால் மீனைத் தொட்டதில்லை. என் குணத்தை எடைபோட உங்களுக்கு உதவட்டுமே என்று சொல்கிறேன், ஐயா.

விபத்து என்று முடித்துவைத்த வழக்குக் கோப்பை நான்கு மாதம் கழித்துத் திறந்து, நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வலைக்கூண்டு போட்ட பெரிய படகு துறையிலேயே கட்டிக் கிடக்க, என் மாப்பிள்ளை ஏன் திறந்த சின்னப் படகில் போனார்? அதற்குக் கொஞ்சம் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய கெண்டைகள் இரண்டு வகை. வெள்ளிக் கெண்டை மோட்டார் சத்தம் கேட்டால் மிரண்டு ஆள் உயரம் துள்ளும். பெருந்தலைக் கெண்டை இருபது கிலோவுக்கு மேல் வளரும். ஆனால் சாது, துள்ளாது. இரண்டும் ஒன்றோடொன்று இனம் கலப்பதில்லை என்று கண்டுபிடித்தவன் நான். அந்த ஒரே உரையை ஒன்பது நாடுகளில் நிகழ்த்தியிருக்கிறேன். ஆய்வக வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: 'கலப்பு பூஜ்யம்.' கீழே என் பெயரும் பட்டங்களும். பட்டங்களுக்குக் கல் பத்தாமல் பக்கச் சுவருக்கும் திரும்பியிருக்கிறது.

மாப்பிள்ளையும் என் ஆய்வகத்தில்தான் வேலை பார்த்தார். அவரைக் கட்டிய என் மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஒரு மத்தியானம் அவர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இத்தனை வருஷமா சோதிச்சது தாய்கிட்டேருந்து மட்டும் வர்ற மரபணு. தாய் வெள்ளின்னா பிள்ளையையும் வெள்ளின்னு எழுதிட்டீங்க. அப்பன் யாருன்னு ஒரு மீன்கிட்டயும் கேக்கல."

"கேட்டா சொல்லுமா?"

சிரித்தார். "நான் கேட்டேன், சொல்லுச்சு. நூத்துக்கு அறுபத்தெட்டு கலப்பு. அதுலயும் பாதி, கலப்புக்குப் பொறந்த பேரன் பேத்திங்க."

எனக்குப் பாராட்டு விழா நடக்கப் பதினோரு நாள் இருந்தது.

"விழா முடியட்டுமே, மாப்ளே."

"மேற்கு முனையில சவாரிப் படகு விடப்போறாங்க மாமா. அங்க துள்ற மீனே இல்லன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. குழந்தைங்கள்லாம் ஏறுவாங்க."

அவர் சொன்னது நியாயம். மேற்கு முனை மீன்களின் சோதனை முடிவு வரட்டும், சேர்த்தே மேலிடத்துக்கு எழுதலாம் என்றேன். முடிவு என் பெயருக்குத்தான் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று கலப்பு. பெருந்தலையின் எடை, வெள்ளியின் மிரட்சி. மேசை இழுப்பறையில் மூன்று நாள் வைத்திருந்தேன்.

நான்காம் நாள் காலை மீன் எண்ணக் கிளம்பிய மாப்பிள்ளை கேட்டார்: "மேற்கு முனை முடிவு வந்துச்சா மாமா?"

"வந்துருச்சு. சுத்தமான பெருந்தலை. சின்னப் படகே போதும். வெயில் ஏறுறதுக்குள்ள வேகமா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

தொப்பி போட்டுக்கொள்ளவும் சொன்னேன். துணித் தொப்பி.

துறையில் நின்று பார்த்தேன். மோட்டார் சத்தம் முனையைத் தொட்டதும் தண்ணீர் எழுந்தது. நீர்த்தேக்கமே தோலை உதறியது போல. பலகையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு பலகை இல்லாத எதிலோ மோதும் சத்தம். அவர் "மாமா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. படகு ஆளில்லாமல் வட்டமடித்தது. வட்டத்துக்கு வட்டம் மீன்கள் துள்ளின. பெரிய படகின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அதை உள்ளங்கை வலிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, துள்ளிய மீன்களை எண்ணினேன். மோட்டார் நிற்கும்வரை முந்நூற்றுப் பதினேழு. எண்ணத்தானே போனார், அந்த வேலை வீணாகக் கூடாது.

விழாவில் இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு கேடயம் கொடுத்தார்கள்.

பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினால் என் கால் தரையை விட்டு எழும்புகிறது. வாளியில் தண்ணீர் அசையாமல் கிடந்தால் அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மகள், "ஏம்ப்பா இப்படி வெறிச்சுப் பாக்கறீங்க?" என்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மீன்கள் கலந்தன என்று ஒரு வரி எழுதினாலும் போடமாட்டேன். நாளை பத்து மணிக்குச் சவாரி தொடங்குகிறது. படகுகளுக்குக் கூண்டு வேண்டாம் என்ற என் சான்றிதழ் செல்லும்.

பேரன் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நானும் பார்த்தேன். தாய்வழி மட்டும் பார்த்தேன். சுத்தமாக எங்கள் வம்சம். கையை நனைத்துக்கொண்டுதான் தூக்கினேன்.