காயவெச்ச அட்டை

கையை விடுங்கண்ணே, திருட வரல. வண்டி சீட்டுக்கு அடியில தொட்டுப் பாத்தேன், சூடு இருக்கான்னு. அவ்வளவுதான். நாலாவது மாடிதான் நான், மேல கேட்டுக்குங்க. நீங்க நேத்துதானே வேலைக்கு வந்தீங்க. பழைய வாட்ச்மேனுக்குப் பழகிப்போச்சு. பெரியவருக்கு மறை கழண்டுடுச்சுன்னு சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சுட்டுப் போகட்டும்.

எல்லா வண்டியும் இல்லண்ணே. நான் வேலை பாத்த கம்பெனியோட பேட்டரி வண்டி மட்டும். இங்க ஆறு நிக்குது.

தொட்டா என்ன தெரியும்னா, ஒண்ணும் தெரியாதுதான். வேற என்ன பண்றது?

பேட்டரிக்குள்ள ஒரு செல்லு எரிஞ்சா பக்கத்து செல்லுக்குப் பரவக் கூடாதுன்னு நடுவுல ஒரு அட்டை வெப்பாங்க. முன்னாடி பிளாஸ்டிக். நாங்க உமிச் சாம்பலும் நாரும் கலந்து செஞ்சோம். மண்ணுல போட்டா மக்கிடும். அந்தப் பக்கம் தீயைக் காட்டிட்டு இந்தப் பக்கம் உள்ளங்கையை வெச்சிருக்கேன், சுடாது. சோதிச்சு பாஸ் போடுறதுதான் என் வேலை. நல்ல அட்டைண்ணே, அதுல பொய் இல்ல.

ஆனா சோதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க ஓவன்ல காயவெக்கணும்னு விதி. பிளாஸ்டிக் காலத்துல எழுதினது. பிளாஸ்டிக் ஈரம் குடிக்காது. நாரு காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், ஊறினா கரண்டு கசியும், அதுவே தீ மூட்டிடும். இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. காயவெச்சுக் காயவெச்சு பாஸ் போட்டேன். ஒரு மழை வாரம், மீந்த அட்டை ஒண்ணு ஜன்னலோரமா கெடந்துச்சு. எடுத்தா, நமுத்த பிஸ்கட் மாதிரி வளையுது.

அதுக்குள்ள வண்டியெல்லாம் ரோட்டுல.

சொல்லாமயா? மூணு லெட்டர் எழுதினேன். மேனேஜர் என் கையெழுத்தையே எடுத்து நீட்டுறாரு, நீங்கதானே சார் போட்டீங்கன்னு. அப்புறம் வயசாச்சுன்னு ஒரு கடிகாரம் குடுத்து அனுப்பிட்டாங்க. இதுவரைக்கும் ஒண்ணும் எரியலண்ணே. அதான் யாரும் காதுல வாங்கல.

எதுண்ணே, அந்த நீலமா? பின்னாடி குழந்தை சீட்டு வெச்சதா? அது எம்பொண்ணோடது. விக்கச் சொல்லி தெனம் கெஞ்சுறேன். நீங்க பாஸ் போட்டதுன்னுதானேப்பா தேடி வாங்கினேங்கிறா.

மணி எட்டாகப் போவுது, பேத்தியைக் கூட்டிக்கிட்டு எறங்கிடுவா. கையைக் கொஞ்சம் விடுங்கண்ணே, அதை மட்டும் தொட்டுட்டுப் போயிடுறேன்.