பத்து நாள் குளிர்ச்சி

மருமகதான், தம்பி, முதல்ல சொன்னா. இன்னிக்குக் காலையில, நான் அடுப்படியில வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கேன், பின்னால வந்து நின்னு, "அத்தை, மாமா காருக்கு மறுபடியும் ஏசி கேஸ் ரொப்பிட்டு வந்துட்டார்"ங்கறா. காரை வாங்க நீங்க வர்ற அன்னிக்கு, விடிஞ்சும் விடியாததுமா, எதுக்குங்க கேஸ்?

டீயைக் குடிங்க தம்பி, ஆறிடப்போவுது. இவர் வர நேரமாகும். "கார் பேப்பரைப் பத்திரமா வெச்சிருக்கேன்"னு சொன்னாருன்னா, எங்க வெச்சாருன்னு அவருக்கே தெரியலைன்னு அர்த்தம்.

உங்க வீட்டம்மா உள்ள வரலையா? ஓட்டிப் பாத்த எங்க கார்லயே உக்காந்துட்டாங்களா... ஏசியில பிள்ளை தூங்கிடுச்சா! தூங்கட்டும், தூங்கட்டும். வாங்கின அன்னிக்கு நாங்களும் அப்படித்தான் சொக்கிப்போனோம்.

எங்களுக்கு வித்தவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். என்ன ஒரு சிரிச்ச முகம்ங்கறீங்க! "ஏசியைப் போட்டா ஸ்வெட்டர் தேடுவீங்கம்மா"ன்னார். இவரும் தலையைத் தலையை ஆட்டிட்டு வாங்கிட்டு வந்தார். பத்து நாள் ஜில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் ஊதுச்சு பாருங்க... அடுப்புக்கு முன்னால உக்காந்த மாதிரி! போன் போட்டா அந்தச் சிரிச்ச முகம் எடுக்கவே இல்லை.

சரி, ரிப்பேர் பாக்கலாம்ல? பாத்தார். பாக்காம இருப்பாரா! எங்க வீட்டுக்காரர் குடிநீர் ஆபீஸ்ல வேலை பாத்தவரு. ஊர்ல குழாய் எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் உத்தியோகம். ரோட்டுல காதை வெச்சே சொல்லிடுவாராம். எங்க குளியலறைக் குழாய் மட்டும் மூணு வருசமா சொட்டுது, அது அவர் காதுல விழாது. அதை விடுங்க.

முதல்ல போன மெக்கானிக் ஒரு 'ஆமா சார்' பேர்வழி. இவர் "கம்ப்ரஸர் போச்சு"ன்னார். "ஆமா சார்"னு மாத்திட்டான். இவர் "இல்ல, ஃபேன்தான்"னார். "ஆமா சார்"னு அதையும் மாத்திட்டான். டயர்லதான் கோளாறுன்னு சொல்லியிருந்தா டயரையும் மாத்தியிருப்பான், புண்ணியவான். ஒவ்வொரு தடவையும் புதுசா கேஸ் ரொப்புவான், பத்து நாள் குளிரும், இவர் மீசையைத் தடவிக்குவார். பழையபடி அடுப்பு!

மருமகதான் பாவம், பதமா சொன்னா. "மாமா, கேஸ் எங்கயோ கசியுது போல." அவ்வளவுதான்! "கசிவைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? கசிஞ்சா ஈரம் இருக்கணும்ல?"ன்னு குதிச்சார். ஏங்க, கேஸுக்கு ஏதுங்க ஈரம்? கேட்டா கோவம் வரும். கேஸ் ரொப்பின கையோட வாசல்ல காரை நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, அடியில பேப்பரை விரிச்சுப் போட்டு, முக்காலியைப் போட்டு உக்காந்தாரு. போறவங்க வர்றவங்கல்லாம் யாரை வழியனுப்பறோம்னு எட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

பேப்பர் நனைஞ்சுதா... "பாத்தியா! பாத்தியா!"ன்னு ஒரு கூச்சல். வெள்ளைச் சட்டையோட காருக்கு அடியில பூந்துட்டாரு. அங்க ஒரு சின்ன ரப்பர் குழாய், சொட்டுச் சொட்டா தண்ணி. அதுல துணியைத் திணிச்சு, மேல பசையை அப்பி, கெட்டியா அடைச்சுட்டு வெளிய வந்தார். ஆபீஸ்ல கூட அப்படி ஒரு அடைப்பு அடைச்சிருக்க மாட்டார்.

சிரிக்காதீங்க தம்பி. ஆமாம்... ஏசி ஓடினா அந்தக் குழாய் வழியாத்தான் தண்ணி சொட்டணுமாம். உங்களுக்குத் தெரியுது. எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. மறுநாள் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினோம். புதுச் செருப்பு எனக்கு. ஒரு வளைவுல இவர் திருப்பினாரு பாருங்க, குடத்தைக் கவுத்த மாதிரி ரெண்டு கால்லயும் சில்லுன்னு தண்ணி! அவங்க வீட்டு வாசல்லேர்ந்து சோபா வரைக்கும் சொதசொதன்னு நடந்து போறேன். சம்பந்தியம்மா என் காலையே பாக்கறாங்க. வெளிய சுள்ளுன்னு வெயில். "வர்ற வழியில மழைங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டவும் முடியல, உள்ளதைச் சொல்லவும் முடியல.

அதுக்கப்புறம் மருமகளே பெரிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனா. அடைப்பை எடுத்துட்டு, கேஸோட ஏதோ சாயத்தை ஏத்தி, நீல வெளிச்சம் அடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க. டேஷ்போர்டுக்கு உள்ள கூலிங் காயில்னு ஒண்ணு இருக்காமே, அதுல ஊசி முனையளவு ஓட்டை. டேஷ்போர்டை மொத்தமா கழட்டி, காயிலை மாத்தினாத்தான் தீரும்.

மாத்தலாம்ல? மாத்தினா மருமக சொன்னது சரின்னு ஆயிடுமே! அதுக்குக் காரையே வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டார் மகானுபாவர். வித்துட்டு நடந்தாலும் நடப்பார், அவ வாயால "நான் அப்பவே சொன்னேன்ல மாமா"ன்னு ஒரு சொல் வந்துடக் கூடாது. அவ அப்படிச் சொல்ற பொண்ணும் இல்லைங்க.

காலையில பிரார்த்தனைக்கு உக்காந்தேன் தம்பி. கண்ணை மூடினா அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கிறார். உத்துப் பாத்தா அந்தச் சிரிப்பு இவர் மூஞ்சியில இருக்கு. எந்திரிச்சுப் போயி நேராவே கேட்டுட்டேன், "ஏங்க, நமக்குப் பண்ணினதையே நாமளும் பண்ணலாமா?"ன்னு. "நான் எங்க பொய் சொன்னேன்? ஏசியைப் பத்திக் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். கேக்கலைன்னா நானா ஏன் சொல்லணும்?"ங்கறார். "நீ டீயைக் குடுத்துட்டு உள்ள வந்துடு"ன்னு எனக்கு வேற உத்தரவு.

உண்மையாவே சொல்றேன், அவருக்குப் பொய் வராது. வீம்பு வரும், கோவம் வரும், மூணு நாள் பேசாம இருக்க வரும். பொய் மட்டும் வந்ததே இல்லை. பேரப்பிள்ளை எடுத்த வயசுல அதை அவர் கத்துக்க வேண்டாம்னுதான்...

பீரோ சாத்தற சத்தம் கேக்குது. பேப்பர் கெடைச்சிடுச்சு போல. டம்ளரைக் குடுங்க, நான் உள்ள போறேன்.

தம்பி, அவர் வந்து உக்காந்ததும் ஏசியைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க.