ரேடியோவை நிறுத்திய பிறகு

அமாவாசைக்கு மலையனூர் கோயிலுக்கு விட்ட ஸ்பெஷல் பஸ் செஞ்சியைத் தாண்டியதும், முன் சீட்டில் இருந்தவன் பக்கத்தில் இருந்தவரிடம், "ரேடியோவ நிறுத்தினப்புறந்தான் அது பேசுது மாமா" என்றான். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றும் வேனுக்கு டிரைவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"எது?"

"ஸ்பீக்கரு. வேனோட வந்தது கொசு கத்தற மாதிரி இருந்துச்சு. புதுசுக்கு எங்க போவறது? மலையனூர் கோயிலுக்கு மைக் செட்டு கட்டறவரு பழசு ஒண்ண சல்லிசா குடுத்தாரு. சீட்டுக்குப் பின்னால மாட்டிட்டேன்."

"இன்னா பேசுது?"

"கூட்டத்துல தொலஞ்ச புள்ளைங்கள கூப்புடுவாங்களே, அதான். பச்ச சட்ட போட்ட பையன் எங்க இருந்தாலும் கொளத்தாண்ட வரணும், உங்க நைனா நிக்கறாருன்னு சொல்லுது. தெனமும் அதேதான். இன்னிக்கு கொளத்தாண்ட போயி நின்னு பாக்கலாம்னு இருக்கேன்."

மாமா அவன் பக்கம் திரும்பினார்.

"பச்ச சட்டன்னு ஒனக்கு எப்டிடா தெரியும்? கூட்டத்துல நீ கெடச்ச அன்னிக்கே எங்கக்கா அத அடுப்புல போட்டுடுச்சே."

டிரைவர் மெதுவாகக் கேட்டான். "அப்ப மைக்குல கூப்டது அம்மாவுக்கும் கேட்டுதா?"

மலையனூர் நெருங்க நெருங்கக் கோயில் மைக் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பஸ் நிற்பதற்கு முன்பே மாமா, அத்தனை பெரிய ஆளாக வளர்ந்தவனின் மணிக்கட்டை, சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.