நாங்க அலைஞ்சு பிடிச்ச காசு

இல்லீங்க மாப்பிள்ளை, கதவைத் திறக்காதீங்க. வண்டியை அணைச்சுட்டு அப்படியே உக்காருங்க. பழைய சாமான் மார்க்கெட் எங்கேயும் ஓடிப் போயிடாது. அந்தச் சீனத்து அம்மாவும் மத்தியானம் வரைக்கும் கடையை எடுத்துக் கட்டமாட்டாங்க. கோவமா? அதெல்லாம் இல்லை. ஒரு இலக்கணச் சந்தேகம், அவ்வளவுதான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. ரிட்டையர் ஆகியும் வாத்தியார் புத்தி போகலைன்னு வான்மதியும்தான் சொல்றா. அமெரிக்காவுல இந்த மில்பிடாஸ் ஊருக்கு வந்த புதுசுல, டிரைவ் பண்றேன்னு சொல்லாதம்மா, ஓட்டறேன்னு சொல்லுன்னு சொல்லப்போக, பெத்த பொண்ணு எங்கிட்ட ரெண்டு நாள் இங்கிலீஷ்லயே பேசினா. அதுலயும் நான் ரெண்டு தப்புக் கண்டுபிடிச்சேன், அது வேற கதை.

காலைல நம்ம காயின் கிளப் சேனாபதி போன் பண்ணினார். நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. ஜலதோஷமா இருக்குங்க, இந்த வாரம் மார்க்கெட்டுக்குப் போகலைன்னு சொன்னேன். மனுஷன் பதறிட்டார். ஐயோ சார், கட்டாயம் போங்க, அந்த அம்மா கடைத் தகர டப்பாவை நல்லாக் கிளறிப் பாருங்க, நாங்க அலைஞ்சு பிடிச்ச காசு அதுன்னார். சொன்னவர் சட்டுன்னு நிறுத்திட்டார். அப்புறம் தொண்டையைக் கனைச்சு, நாம தேடிட்டிருந்த காசுன்னு சொல்ல வந்தேன் சார்னு திருத்தினார். நான் சொல்லாம அவரா ஒரு வாக்கியத்தைத் திருத்தினது இதுதான் முதல் தடவை.

அதுலதான் எனக்குச் சந்தேகம். நாமன்னா, கேக்கறவனும் உள்ளே. நாங்கன்னா, கேக்கறவன் வெளியே. இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான், அவன் தப்பிச்சுக்குவான். தமிழன் வாயைத் திறந்ததுமே, எதிர்ல நிக்கறவனைச் சேத்துக்கறானா, தள்ளி வெக்கறானான்னு தெரிஞ்சுடும். காலைல என்னைத் தள்ளி வெச்சாச்சு. அப்ப, உள்ளே இருக்கறது யாரு?

சேனாபதி தனி ஆளு. பையன் சியாட்டில்ல. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஃப்ரீவே பக்கம் போனாலே கண்ணை மூடிக்குவார். அவரால யாரோட அலைஞ்சிருக்க முடியும்? பின்னாடி திரும்பிப் பாருங்க. சீட்டுல கிடக்குதே, அந்தப் பழுப்புக் கலர் மங்கி கேப். கலிஃபோர்னியாவுல மே மாசத்துல மங்கி கேப் போடற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்லி முடிச்சுடறேன்.

ராத்திரி சாப்பிடறப்போ, எங்கிட்ட ஹோனான் மாகாணத்துப் பழைய சீனக் காசு ஒண்ணுகூட இல்லையேன்னு சொல்லுவேன். நீங்க போனைப் பாத்துக்கிட்டே ம்ம்னு சொல்லுவீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை டப்பாவுல ஹோனான் காசு கிடக்கும். அதையும் நேரா மேல வெக்கமாட்டீங்க. துருப்பிடிச்ச சாவி, உடைஞ்ச வாட்ச், கண்ட கண்ட பட்டன், எல்லாத்துக்கும் அடியில கிடக்கும். நான் அரை மணி நேரம் குனிஞ்சு கிளறணும். அந்த அம்மா தெரியாத மாதிரி தலையை ஆட்டணும். நல்லா ஜோடிச்சிருக்கீங்க. நானும் என்ன நெனச்சேன்? எல்லாம் என் கண்ணோட சாமர்த்தியம்னு நெனச்சேன்.

சின்ன வயசுல இருந்து சிவப்பு மையோட வாழ்ந்தவன் நான். தப்பைப் பாத்தா கை பரபரன்னு வரும். அப்படிப்பட்டவன் மயங்கினது இந்தக் காசுங்ககிட்டதான். சீனாவுல ராஜாவை இறக்கிட்டுக் குடியரசு ஆன புதுசு, மாகாணத்துக்கு மாகாணம் செம்புல அடிச்சுத் தள்ளியிருக்கான். குறுக்க ரெண்டு கொடி, பின்னாடி இங்கிலீஷ். அச்சு வெட்டினவனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. படம் வரையற மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கான். ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும், ஒண்ணு திரும்பி நிக்கும். ஒரு தப்பை ரசிக்கலாம்னு இந்த வயசுலதான் எனக்குத் தெரிஞ்சது.

லைப்ரரியில, காயின் கிளப்புல அத்தனை பேர் முன்னாடி நின்னு பேசினேனே, ஞாபகம் இருக்குதா? காசு தானா வந்து நிக்காது, தேடறவனுக்குப் பார்வை வேணும்னு பேசினேன். நீங்க முன் வரிசையில உக்காந்து வீடியோ எடுத்தீங்க. சேனாபதி எந்திரிச்சு நின்னு கை தட்டினார். அவர் தட்டினதைப் பாத்து மத்தவங்களும் தட்டினாங்க. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. உங்க ரெண்டு பேருக்கும் அந்த நேரத்துல எப்படி இருந்தது? வெளியே வந்து சிரிச்சீங்களா?

சரி, சிரிக்கலை. நம்பறேன்.

நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். குழந்தைக்கு வாழைப்பழத்துல மாத்திரையை ஒளிச்சுக் குடுக்கறதும் நல்லதுக்குத்தான். குழந்தைக்குக் கசப்புத் தெரியக்கூடாது. ஆனா நான் குழந்தை இல்லையே.

உங்க அத்தை போனதுக்கப்புறம் மனுஷன் சுவத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரேன்னு ஆரம்பிச்சிருப்பீங்கன்னுதான் நானும் நெனச்சேன். மன்னிச்சுக்கூட விட்டுட்டேன். வண்டியில ஏறறப்போ மன்னிச்சுட்டுத்தான் ஏறினேன். பாதி வழியில முதல் காசு ஞாபகம் வந்துடுச்சு.

அது உங்க அத்தை எடுத்துக் குடுத்தது, மாப்பிள்ளை. இதே மார்க்கெட், அதே அம்மா கடை. கால் வலிக்குதுன்னு அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்தா. டப்பாவுக்குள்ள கையை விட்டு ஒரு காசை எடுத்து, இங்க பாருங்க, உங்க எட்டாங்கிளாஸ் பசங்க மாதிரியே இங்கிலீஷ் ‘N’ எழுத்தைத் திருப்பிப் போட்டு வெச்சிருக்கான்னு சொன்னா. நான் வாங்கிப் பாத்தேன். அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இது.

அன்னைக்கு அவ கண்ணாடி எடுத்துட்டு வரலை. கிளம்பினதுல இருந்து, கண்ணாடியைக்கூட மறந்துட்டு வர்றியேன்னு வழி முழுக்க நான்தான் அவளைப் பேசிட்டு வந்தேன். முன்னாடி உக்காந்து ஓட்டினவர் நீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடி இல்லாம அவளுக்குப் பால் பாக்கெட்டும் மோர் பாக்கெட்டும் ஒண்ணுதான். கறுத்துப்போன காசு. எள்ளளவு எழுத்து. அதுல ஒரு ‘N’ திரும்பியிருக்கறது அவ கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சது?

சமஸ்கிருதத்துல ரெண்டு பேருக்குன்னே தனியா ஒரு எண் உண்டு. தமிழ்ல அது கிடையாது. ஒண்ணு இல்லைன்னா பல. நாங்கன்னு ஒருத்தர் சொன்னா, ரெண்டு பேரா மூணு பேரான்னு அந்தச் சொல்லுல தெரியாது. நான்தான் ரெண்டு பேர்னு நெனச்சுட்டேன்.

அவதானே உங்ககிட்ட வந்து கேட்டது? எனக்கப்புறம் இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு, அவருக்கு ஒரு வேலை பாத்து வெக்கணும்னு சொல்லியிருப்பா. சேனாபதியை எங்கிருந்து பிடிச்சீங்களோ. தப்பு இருக்கற காசா வேணும்னு யோசனை சொன்னது அவதான், சந்தேகமே இல்லை. அவளைத் தவிர வேற யாருக்கும் அது தோணாது.

தலையைக் குனியாதீங்க. ஆமான்னு சொன்னா போதும்.

அப்ப, அந்த முதல் காசை எடுத்துக் குடுத்த வைகாசியிலயே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மூட்டு வலி டாக்டர்னு சொல்லி நீங்க கூட்டிட்டுப் போனது மூட்டுக்கு இல்லை. வான்மதிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். முன்னப்பின்ன அறியாத சேனாபதிக்குக்கூடத் தெரியும்.

அழாதீங்க. அந்தப் பக்கம் டிஷ்யூ இருக்குது, எடுத்துக்குங்க. காசு விஷயத்தை விட்டுடலாம். இன்னைக்கு வெச்சிருக்கறதையும் போய் எடுத்துக்கறேன், அந்த அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க.

ஒண்ணே ஒண்ணு. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடி, வாக்கிங் வரமாட்டேன்னு அவ படுத்துக்கிட்டா. சோம்பேறின்னு சொன்னேன். அவ பதில் பேசலை. அந்தக் கோவத்துல நான் ஒரு வாரம் அவகூடப் பேசாம இருந்தேன். எல்லாரும் ஒரே மேஜையிலதான் சாப்பிட்டோம். வான்மதி எனக்குச் சாம்பார் ஊத்தினா. நீங்க அப்பளத் தட்டை என் பக்கம் நகத்தி வெச்சீங்க. அவ எதிர்ல உக்காந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அவ இருக்கப்போறதே கொஞ்ச நாள்தான்னு என்னைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஒருத்தராவது எங்கிட்ட வந்து, போய்ப் பேசுங்க மாமான்னு சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?