மாப்பிள்ளையோட பை

பேனாவை நீட்டாதீங்க மாப்பிள்ளை. கையெழுத்துதானே, போடறேன். நான் எங்க ஓடிப்போகப் போறேன்? உங்க ஸ்கோர் கார்டு என் கையில, என் கார்டு உங்க கையில. கோல்ஃப்ல ஒருத்தன் ஸ்கோரை இன்னொருத்தன் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னு எவனோ ஒரு புண்ணியவான் சட்டம் போட்டு வெச்சிருக்கான். இல்லேன்னா இந்நேரம் வெளிய போய்க் கை குலுக்கிட்டு நிப்பீங்க. உக்காருங்க. ரூல்ஸ் ஆபீசர் போன் பேசிட்டு வரட்டும்.

சிரிக்கணும்னா சிரிங்க, அடக்காதீங்க. அடுத்த சீசன் பெரிய டூர்ப் போட்டிகள்ல ஆட ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்துச்சு, என்னைவிட ஒரு ஷாட் கம்மியா ஆடி அதைப் பிடிச்சிட்டீங்க. பதினோராவது ஹோல்ல நீங்க கையைத் தூக்கி ஆபீசரைக் கூப்பிடாம இருந்திருந்தா, அந்த ஒரு ஷாட் இந்தப் பக்கம் இருந்திருக்கும். அவ்வளவுதானே கணக்கு.

பட்டுச்சு. என் மட்டை மணல்ல படலைன்னு நான் சொல்லலையே. பங்கர் மணல்ல கிடக்கிற பந்தை அடிக்கிறதுக்கு முன்னால மட்டை மணல்ல படக்கூடாது, பட்டுச்சு, ரெண்டு ஷாட் பெனால்டி. எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. பக்கத்துல நின்ன எனக்கே தெரியலை, மேட்டு மேல நின்ன உங்களுக்குத் தெரிஞ்சுது பாருங்க, அதான் ஆச்சரியம். வருஷம் பூரா ரூம்ல என் துண்டு எது உங்க துண்டு எதுன்னு தெரியாம துடைச்ச ஆளு நீங்க.

ரூல்னா ரூல்தானா? ஆமாமா. அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடாச்சே நீங்க.

சீசன் முழுக்க ஒரே கார், ஒரே ரூம். உங்க குறட்டைக்குப் பயந்து நான் பாத்ரூம்ல போர்வையை விரிச்சுப் படுத்த நாள் உண்டு. மழை பெஞ்ச வாரம் நனைஞ்ச சாக்ஸை என் தலைமாட்டு விளக்குல காயப் போட்டீங்களே, வாயைத் திறந்தேனா? உங்களுக்கு மணிக்கட்டு வீங்கின வாரம் உங்க பையை யார் சுமந்தா? பை தூக்க ஒரு கேடி வெச்சுக்க வக்கில்லாத சின்ன டூர் இது, அவனவன் பையை அவனவன் தூக்கறான். நான் ரெண்டு தோள்லயும் ரெண்டு தூக்கினேன். இவருக்கு நீங்க கேடியான்னு ஒருத்தன் கேட்டான். ஆமாய்யான்னேன்.

நீங்க தூக்கச் சொல்லலை, சரி. என் தங்கச்சி சொன்னா. அண்ணே, அவரைப் பாத்துக்கோன்னா. பாத்துக்கிட்டேன். கூடவே இருந்து குழி பறிப்பீங்கன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இது எனக்குக் கடைசி வருஷம்னு உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். இதுல மேல போகலேன்னா மாமனார் கடையில டைல்ஸ் விக்கணும்னு கார்ல வரும்போது புலம்பினேன். உச்சுக் கொட்டினீங்க. அந்த உச்சுக்கு வயிறு எரியுது இப்போ.

போன மாசம் அந்த மொட்டைத் தலைக்காரன் மாட்டினானே, ஞாபகம் இருக்கா? பதினாலு மட்டைக்கு மேல வெச்சுக்கக் கூடாது, அவன் பையில பதினஞ்சு. நாலு ஷாட் போச்சு. பெரிய மனுஷன், தேம்பித் தேம்பி அழுதான். நீங்க என்ன சொன்னீங்க? எண்ணத் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா விளையாட வர்றான்னீங்க. நானும் சேந்துதான் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது.

தங்கச்சியா? ம், போன் பண்ணினா, கடைசி ஹோல் முடிச்சிட்டு வரும்போது. உன் புருஷன் பெரிய டூருக்குப் போயிட்டாரும்மான்னு சொன்னேன். நின்ன இடத்துலயே அழறா, சந்தோஷத்துல. நீ என்ன ஆனேன்னு கேக்க மறந்துட்டா. விடுங்க, அவளும் எத்தனை வருஷம்தான் காத்திருப்பா. பின்னால உங்க பொண்ணும் அழற சத்தம். எதையோ காணோமாம்.

என்னத்தைன்னா, என் பழைய புட்டர் மட்டையை அவ உயரத்துக்கு அறுத்து, சிவப்பு டேப் சுத்திக் குடுத்தேனே, அதை. கடைசிப் போட்டி உள்ளூர்லயே வந்துச்சேன்னு இன்னிக்கு வீட்லருந்துதானே கிளம்பினோம். காருக்குப் பக்கத்துல சாத்தி வெச்சிருந்த உங்க பைக்குள்ள அவ போட்டிருக்கா. அப்பாவுக்காம். புட்டிங் சரியில்லை, பந்து குழிக்குள்ள விழ மாட்டேங்குது, புட்டர் சரியில்லைன்னு ராத்திரி வீடு பூரா நீங்கதானே சொல்லிட்டுத் திரிஞ்சீங்க.

இருங்க, பையைத் தொடாதீங்க, சொல்லி முடிச்சிடறேன். காலையில நீங்க எண்ணினீங்க. நான் பாத்தேன், அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். மத்ததெல்லாம் இடுப்பு உயரம், அது முழங்கால் உயரம். அடியில போய் உக்காந்துட்டா மேலருந்து எண்ணினா பதினாலுதான் வரும். மூணாவது ஹோல்ல உங்க பை சரிஞ்சு விழுந்துச்சே, தூக்கி நிறுத்தினது யாரு? அப்பவே சிவப்பு டேப் எட்டிப் பாத்துச்சு. நான்தான் உள்ள தள்ளிவிட்டேன். தங்கச்சி புருஷன், பிள்ளை ஆசையாச் செஞ்ச காரியம், இதுக்குப் போயா ஒருத்தர் பொழப்பைக் கெடுக்கறதுன்னு தோணுச்சு. வாயை மூடிக்கிட்டு எட்டு ஹோல் உங்க கூட நடந்தேன். அப்புறம் நீங்க கையைத் தூக்கினீங்க.

தண்ணி குடிங்க. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு.

நான் ஆபீசர்கிட்டச் சொல்ல மாட்டேன். நாலு ஷாட் ஏறினா யார் உள்ள, யார் வெளியன்னு உங்களுக்கே தெரியும், நான் வேற எதுக்கு. அந்தா, அவரே வர்றாரு. பையைக் கவுத்து எண்ணிட்டு எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க. பதினாலுன்னு சொன்னீங்கன்னா மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போட்டுட்டு டைல்ஸ் விக்கப் போறேன். ரூல்னா ரூல்தான்னு சொன்ன வாய் என்ன சொல்லுதுன்னு கேக்கத்தான் உக்காந்திருக்கேன்.

எதுவானாலும் அந்தக் குட்டி மட்டையை மறக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பிள்ளை தேடிட்டு இருக்கு. எங்க இருந்துச்சுப்பான்னு கேக்கும், அதுக்கும் ஏதாவது பதில் சொல்லணும்ல.